பேரனின் சைக்கிளும் உன் ஊன்றுகோலும்

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்து, ஊன்றுகோலோடு கடைவரை நடக்கிறாய் என்று வாசித்ததும் பெரிய ஆறுதல். ஆனால் நீ கேட்ட இரண்டு கேள்விகள்தான் மனதில் நிற்கின்றன. நடைபாதையில் பின்னாலிருந்து சைக்கிள்கள் உரசிக்கொண்டு போகின்றன, வெளியே இறங்கவே பயமாக இருக்கிறது, பொலிஸ் ஏன் பிடிப்பதில்லை என்று முதல் பக்கத்தில் கேட்டிருக்கிறாய். கடைசிப் பக்கத்தில், பள்ளிக்கூடம் போன பேரனை அதே குற்றத்துக்காகப் பொலிஸ்காரர் ஒருவர் மறித்து, அடுத்தமுறை தண்டம் என்று வெருட்டினார், 14 வயதுப் பிள்ளையை அப்படிச் செய்யலாமா என்று கேட்கிறாய். இரண்டுக்கும் பதில் ஒன்றுக்குள் ஒன்று கிடப்பதால் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் சட்டம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதற்கு இன்றும் நடைமுறையில் இருப்பது 1835ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின் 72ஆம் பிரிவு. வீதியோரமாக நடப்பவர்களுக்கென்று ஒதுக்கிய பாதையில் குதிரை, கழுதை, ஆடு, பன்றி, மாடு, வண்டி எதையும் வேண்டுமென்று கொண்டுபோகக் கூடாது என்கிறது அது. பெடல் சைக்கிள் அப்போது புழக்கத்தில் இல்லை. 1888இல் வந்த உள்ளூராட்சிச் சட்டம்தான் சைக்கிளும் வண்டியே என்று சொல்லி உள்ளே சேர்த்தது. வயதுக்கு விலக்கு எதுவும் அதில் இல்லை. அம்மாவுக்குப் பக்கத்தில் சின்னச் சைக்கிள் ஓடுகிற 5 வயதுப் பிள்ளையும் சொல்லளவில் சட்டத்தை மீறுகிறது. 10 வயதுக்குக் குறைந்தவர்மேல் இங்கே குற்றம் சுமத்த முடியாது, அதனால்தான் யாரும் தொடுவதில்லை.

வழக்குக்குப் போகாமல் பொலிஸ் அந்த இடத்திலேயே எழுதிக் கொடுக்கிற தண்டச்சீட்டு 50 பவுண். நீதிமன்றம் போனால் 500 பவுண் வரை போகலாம். ஆனால் அந்தச் சீட்டை 16 வயதுக்குக் குறைந்தவருக்கு எழுத முடியாது. ஆகவே உன் பேரனுக்குச் சொன்ன 'அடுத்தமுறை தண்டம்' அந்த வடிவில் நடக்காது. மறிக்கலாம், பெயர் கேட்கலாம், புத்தி சொல்லலாம், வீட்டுக்கு அறிவிக்கலாம். சீருடையில் இருக்கிற பொலிஸ்காரர் கையைக் காட்டினால் சைக்கிள்காரர் நிற்கத்தான் வேண்டும், நிற்காமல் போவது தனிக் குற்றம். இதைப் பேரனுக்குத் தெளிவாகச் சொல்லு: நிற்க வேண்டும், இறங்க வேண்டும், இரண்டு காலும் தரையில் இருக்க வேண்டும், கேட்டதற்கு மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டும். லைற் இல்லாமல் வந்தால் ரயரின் காற்றைத் திறந்துவிடுகிற பொலிஸைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். இங்கே வளர்கிற பிள்ளைக்கு அந்தப் பயம் தேவையில்லை, ஆனால் அந்த ஒழுங்கு தேவை.

அப்படியானால் பொலிஸ் ஏன் எல்லாரையும் பிடிப்பதில்லை? 1999இல் இந்தத் தண்டச்சீட்டு வந்தபோது, உள்துறை இணை அமைச்சராக இருந்த போல் போட்டெங் ஒரு விளக்கம் எழுதினார். வாகனங்களுக்குப் பயந்து சிலவேளை நடைபாதையில் ஏறி, அங்கே நடப்பவர்களை மதித்துப் போகிறவர்களைக் குறிவைத்து இது வரவில்லை, பிள்ளைகளும் இளையவர்களும் வீதிக்குப் பயப்படுகிறார்கள், பொலிஸார் நிதானித்துப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். 2014இல் போக்குவரத்து இணை அமைச்சர் றொபேட் குட்வில் அது இன்னும் பொருந்தும் என்று உறுதிசெய்தார். சட்டம் மாறவில்லை, நடைபாதையில் ஓடும் உரிமை யாருக்கும் வரவில்லை. யாரை விடுவது, யாரைப் பிடிப்பது என்பதை அந்த இடத்தில் நிற்கிற பொலிஸ்காரரின் கண்ணுக்கு விட்டிருக்கிறார்கள். அதனால்தான் ஒருநாள் உன்னை உரசிப் போனவன் தப்புகிறான், இன்னொருநாள் ஆளில்லாத பாதையில் மெதுவாகப் போன பேரன் மாட்டுகிறான். எனக்கும் இது கோபம்தான். ஆனால் என் கோபம் பொலிஸைவிட அந்த வீதியை அப்படிப் போட்டவர்கள்மேல்தான் கூட.

நடைபாதை ஏன் சைக்கிளுக்குப் பொருந்தாது என்பதைப் பேரனுக்குக் கணக்காகக் காட்டு, அறிவுரையாகச் சொன்னால் ஏறாது. மணிக்கு 12 மைல் என்பது செக்கனுக்கு 5.4 மீற்றர். சாதாரணமாக நடக்கிறவர் செக்கனுக்கு 1.4 மீற்றர். வீட்டு முற்றத்திலிருந்து காரைப் பின்பக்கமாக எடுக்கிறவருக்கு வேலி மறைப்பைத் தாண்டி 3 மீற்றர் தெரிகிறது என்று வை. நடந்து வருபவர் அந்த 3 மீற்றரைக் கடக்க 2 செக்கனுக்கு மேல் ஆகும், காரோட்டி அவரைக் கண்டு நிறுத்தலாம். சைக்கிளுக்கு அதே தூரம் அரைச் செக்கன் சொச்சம். சைக்கிள்காரர் கண்டு, கை பிறேக்குக்குப் போய், நின்று முடிய ஏறத்தாழ 10 மீற்றர் வேண்டும். எனவே வேலி முடிகிற ஒவ்வொரு வாசலும், நடைபாதையைச் சந்திக்கிற ஒவ்வொரு ஒழுங்கையும் இப்படியான இடம். வீதியில் காருக்குப் பயந்து மேலே ஏறுகிறவர் அதே காரைத்தான் மேலேயும் சந்திக்கிறார். அங்கே காரோட்டி சைக்கிளை எதிர்பார்த்துப் பார்ப்பதில்லை.

அகலத்தையும் பார். உன் தெருவில் நடைபாதை 1.8 மீற்றர் இருக்கும். குப்பை எடுக்கிற நாளில் சில்லு வைத்த தொட்டி 60 சென்ரிமீற்றரைப் பிடித்துவிடும், மிச்சம் 1.2. ஊன்றுகோலோடு நீ நடக்க 80 சென்ரிமீற்றர் வேண்டும். மிஞ்சுவது 40. சைக்கிள் ஹாண்டில் மட்டும் 60 முதல் 70 வரை. அந்த இடத்தில் மெதுவாகப் போனாலும் கடக்க முடியாது, பின்னால் நிற்பது ஒன்றுதான் வழி. தள்ளிக்கொண்டு போனாலும் ஆளும் சைக்கிளுமாக ஒரு மீற்றர் வரும், ஆகவே அப்போதும் காத்திருக்கத்தான் வேண்டும். தள்ளும்போது ஒரு காலைப் பெடலில் வைத்து மறுகாலால் உந்திப் போகிற பழக்கம் பேரனுக்கு இருந்தால் நிறுத்தச் சொல்லு. இரண்டு காலும் நிலத்தில் நடந்தால்தான் அவன் நடப்பவன். வரிக்கடவையில் சைக்கிளைத் தள்ளிச் சென்ற ஒரு பெண்ணைப் பற்றி 1980இல் வந்த தீர்ப்பே இந்த வித்தியாசத்தைச் சொல்கிறது.

இனிப் பலகைகள். சண்டையில் பாதி இவற்றை விளங்காததால் வருகிறது. நீல வட்டத்தில் ஆளும் சைக்கிளும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தால் இருவருக்கும் பொதுப் பாதை. நடுவில் நெட்டாக வெள்ளைக்கோடு பிரித்தால் ஆளுக்கொரு பக்கம். சிவப்பு வளையத்துக்குள் கறுப்புச் சைக்கிள் இருந்தால் சைக்கிளுக்குத் தடை. குறுக்குக்கோடு இல்லாததால் பலர் அதை அனுமதி என்று நினைத்துவிடுகிறார்கள். பிரித்த பாதை தொடங்கும் இடத்தில் காலடியில் வரிவரியான கல் பதித்திருப்பார்கள். நடப்பவர் பக்கத்தில் வரிகள் ஏணிப்படிபோல் குறுக்கே கிடக்கும், சைக்கிள் பக்கத்தில் தண்டவாளம்போல் நெடுகக் கிடக்கும். பார்வையில்லாதவர் காலால் தடவித் தன் பக்கத்தை அறிவதற்கு வைத்தது அது. மழையில் அந்த நெடுவரியில் ரயர் வழுக்கும், அதன்மேல் ஹாண்டிலைத் திருப்பக் கூடாது, பிறேக்கும் பிடிக்கக் கூடாது.

நீ எழுதிய இடத்தில் நீலப்பலகை இருக்கிறது, ஆனால் கொஞ்சத் தூரத்தில் 'முடிவு' என்று போட்டுப் பாதையை விட்டுவிட்டார்கள் என்கிறாய். அங்கேதான் நோய். சைக்கிள்காரரை 300 மீற்றர் நடைபாதையில் கொண்டுபோய், விளிம்புக்கல்லைத் தாழ்த்தாமல், பஸ் போகிற வீதிக்குள் குதி என்று விட்டால் அவர் நேரே உன்னிடம்தான் வருவார். 2020 ஜூலையில் போக்குவரத்துத் திணைக்களம் வெளியிட்ட சைக்கிள் பாதை வடிவமைப்பு வழிகாட்டி, சைக்கிளை நடப்பவராக அல்ல, வாகனமாகக் கருதவேண்டும், நகர வீதிகளில் இருவரையும் பிரித்தே விடவேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. கவுன்சிலுக்கு எழுதும்போது 'சைக்கிள்காரரைப் பிடியுங்கள்' என்று மட்டும் எழுதாதே. எந்த இடத்தில் பாதை முடிகிறது, எந்தத் திசையில் வருகிறார்கள், எத்தனை மணிக்கு என்று எழுதி, அந்த வழிகாட்டியின் எண் 1/20 என்பதையும் குறிப்பிடு. பொலிஸின் அயல்பகுதிக் குழுவுக்கும் அதே மூன்று விவரம்தான் வேண்டும். இடமும் நேரமும் தெரிந்தால் அவர்கள் அங்கே வந்து நிற்கலாம். உடனடி ஆபத்து இல்லாத முறைப்பாட்டுக்கு 101, யாராவது காயப்பட்டால் 999.

பேரனுக்கு வருகிறேன். பள்ளிக்கூடம் போக மெயின் றோட்டை விட்டு உள்ளொழுங்கைகளால் ஒரு வழி பார்க்க வேண்டும், 5 நிமிடம் கூடினாலும் பரவாயில்லை. வீதியில் போகும்போது ஓரத்தோடு ஒட்டிப் போவதுதான் பெரிய பிழை. ஓரத்தில் வடிகால் மூடியும் கண்ணாடித் துண்டும் கிடக்கும், காரோட்டியும் இடைவெளி இருக்கிறதென்று நுழைந்துவிடுவார். 2022 ஜனவரியில் திருத்திய வீதி ஒழுங்குக் கோவை, விளிம்பிலிருந்து அரை மீற்றராவது தள்ளியும், அமைதியான வீதியிலும் சந்தியை நெருங்கும்போதும் தடத்தின் நடுவிலும் போகச் சொல்கிறது. நிறுத்திய கார்களிலிருந்து ஒரு மீற்றர் தள்ளிப் போக வேண்டும், கதவு எப்போது திறக்கும் என்று தெரியாது. 30 மைல் வரை வேகத்தில் முந்துகிற காரோட்டி 1.5 மீற்றர் இடைவெளி விடவேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. ஒரேயொரு வலப்பக்கத் திருப்பம்தான் பயம் என்று எழுதியிருந்தாய். அதற்காக முழு வழியும் நடைபாதையில் ஏறவேண்டாம். சந்திக்கு முன் இடப்பக்கம் நிறுத்தி, இறங்கி, கடவையில் தள்ளிக் கடக்கட்டும். பச்சை மனிதனுக்குப் பக்கத்தில் பச்சைச் சைக்கிளும் எரிகிற கடவையானால் ஓடியே கடக்கலாம். பாடசாலை வழியாகவோ கவுன்சில் வழியாகவோ பைக்கபிலிற்றி என்கிற சைக்கிள் ஓட்டப் பயிற்சியைக் கேள், இரண்டாம் நிலையில் இந்தச் சந்தி வேலையைத்தான் வீதியிலேயே பழக்குவார்கள்.

பொதுப் பாதையில் போகும்போது பெல்லை 15, 20 மீற்றருக்கு முன்னால் ஒருமுறை அடிக்க வேண்டும், அடித்ததும் வேகத்தைக் குறைக்க வேண்டும். 3 மீற்றரில் அடித்தால் உன்னைப்போல் ஒருவர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பார். தலை திரும்பும் பக்கத்துக்கே உடம்பும் சாயும், சைக்கிள் வருவதும் அந்தப் பக்கமாகத்தான் இருக்கும். பெல் கேட்டிருக்கும் என்று நம்பவும் கூடாது, காது கேளாதவராக இருக்கலாம். நாயைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றால் ஆளுக்கும் நாய்க்கும் நடுவில் கயிறு இருக்கிறது என்றே எண்ண வேண்டும்.

நடப்பவருக்குப் பின்னால் அவர் வேகத்திலேயே போவது எளிதல்ல. எங்கள் ஊர் விளையாட்டுப் போட்டியில் மெதுவான சைக்கிள் ஓட்டம் வைப்பார்களே, அதுதான் இதற்குச் சரியான பயிற்சி. சின்னக் கியரில் போட்டு, மிதிப்பதை நிறுத்தாமல், இடக்கையால் பின்பிறேக்கை இலேசாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, பார்வையை 5 மீற்றர் முன்னால் வைக்க வேண்டும். முன்சில்லைப் பார்த்தால் விழுத்தும். வலக்கைப் பிறேக் இங்கே முன்சில்லுக்கு, திரும்பியிருக்கிற ஹாண்டிலோடு அதைப் பிடித்தாலும் விழுத்தும். பூங்காவில் 10 மீற்றர் தூரத்தை 15 செக்கனில் கால் ஊன்றாமல் கடக்கப் பழகட்டும். விளிம்புக்கல்லில் ஏறி இறங்கும்போது செங்குத்தாகப் போக வேண்டும். 2 சென்ரிமீற்றர் உயரக் கல்லில்கூடச் சாய்வாக ஏறினால் முன்ரயர் கல்லோடு வழுகிச் செல்லும், மழையில் நிச்சயம்.

இரவில் முன்னுக்கு வெள்ளை லைற், பின்னுக்குச் சிவப்பு லைற், சிவப்புத் தெறிப்பான், பெடல்களில் மஞ்சள் தெறிப்பான்கள் இருக்க வேண்டும். முன்லைற்றைக் கொஞ்சம் கீழே சாய்த்துவிடு, நேரே வைத்தால் எதிரில் நடந்து வருகிறவரின் கண் கூசும். இரண்டு பிறேக்கும் தனித்தனியாகப் பிடிக்க வேண்டும். 2016இல் லண்டன் ஓல்ட் ஸ்ட்ரீட்டில், முன்பிறேக் இல்லாத சைக்கிள் மோதி வீதியைக் கடந்த ஒரு பெண் இறந்தார், ஓடியவருக்கு 1861ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் கீழ் 18 மாதச் சிறை கிடைத்தது. பிறேக் கட்டை தேய்ந்து வரி மறைந்திருந்தால் இந்தக் கிழமையே மாற்று.

கடைத்தெருவில் உன்னை உரசிப் போகிறவை பெரும்பாலும் மின்சைக்கிள்கள் என்கிறாய். சட்டப்படியான மின்சைக்கிள் 250 வாற், மணிக்கு 15.5 மைல் வேகத்தில் மோட்டார் நின்றுவிடும், 14 வயதிலிருந்து ஓடலாம். மிதிக்காமலே மணிக்கு 25 மைல் வேகத்தில் போகிறவை சட்டத்தில் மோட்டார் வாகனம். காப்புறுதி இல்லாததற்காகப் பொலிஸ் அவற்றைப் பறிமுதல் செய்யலாம். முறைப்பாட்டில் 'மிதிக்காமல் போனது' என்று மறக்காமல் எழுது.

நீ நடக்கும்போது பின்னால் சைக்கிள் சத்தம் கேட்டால் பக்கம் மாறாதே, போகிற கோட்டிலேயே போ. விலகுவது சைக்கிள்காரரின் வேலை. ஊன்றுகோலை வெளியே நீட்டி மறிக்கவும் வேண்டாம், விழுந்தால் இருவரும்தான் விழுவீர்கள்.

அந்தப் பாதை முடிகிற இடத்தையும் வலப்பக்கத் திருப்பத்தையும் பேரனைக்கொண்டு படம் எடுத்து அனுப்பு, வீதியின் இரு பக்கமும் தெரியவேண்டும். எந்த இடத்தில் விளிம்புக்கல் தாழ்ந்திருக்கிறது, அவன் எங்கே இறங்கலாம் என்று பார்த்து எழுதுகிறேன். முழங்காலுக்கு மருத்துவர் தந்த பயிற்சியை விடாதே. வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்லு.

அன்புடன்,
உன் மச்சான்