மாலையில் வந்த மறு போன்

ஆசிரியர் அவர்களுக்கு,

நட்பு நாடுகளே ஒன்றையொன்று ஒட்டுக்கேட்பதா என்று அதிர்ந்து எழுதியிருந்த கட்டுரையைப் படித்தேன். எனக்கு அதிர்ச்சி வரவில்லை. விருதுநகர் மண்டி முதலாளி ஒருவர்தான் நினைவுக்கு வந்தார்.

எழுபதுகளில் அங்கே ட்ரங்க் ஆபரேட்டராக, அதாவது வெளியூர் போன் அழைப்புகளை இணைத்துக் கொடுப்பவளாக இருந்தேன். லைன் சேர்ந்ததா என்று பார்க்கப் பலகையில் உள்ள கீயை (சுவிட்சை) சாய்த்தால் இரு பக்கப் பேச்சும் காதில் விழும். வத்தல் விலை கசிந்துவிட்டதாம். ஒட்டுக்கேட்டு விற்கிறீர்கள் என்று ஒரு நாள் காலையில் அந்த முதலாளி போனிலேயே என்னைக் கிழித்துத் தொங்கவிட்டார். பின்னாலிருந்து தரகர்கள் "அப்படிக் கேளுங்கள் அண்ணாச்சி" என்பது ஹெட்போனில் தெளிவாகக் கேட்டது. மாலையில் அவரே தணிந்த குரலில், "அம்மா, பம்பாய் லைனைக் கொஞ்சம் சீக்கிரம் போடுங்கள்" என்றார். கூடவே, "எதிர்க்கடைக்காரர் இன்று எந்த ஊருக்குப் பேசினார்?" நான் சொல்லவில்லை என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

2013 அக்டோபரில், தம் செல்போனை அமெரிக்கா ஒட்டுக்கேட்டதாகத் தெரிந்ததும், நண்பர்களுக்குள் வேவு கூடவே கூடாது என்றார் அன்று ஜெர்மனியின் ஆட்சித் தலைவராக இருந்த மெர்க்கல். 2015-ல் என்ன வெளிவந்தது? பவேரியாவின் பாட் ஐப்லிங் நிலையத்தில், ஐரோப்பிய இலக்குகளை அமெரிக்கா வேவு பார்க்க ஜெர்மனியின் உளவுத் துறையே கை கொடுத்திருந்தது. மெர்க்கலின் போன் பற்றிய விசாரணையும் அதே ஆண்டு ஆதாரம் போதாதென்று மூடப்பட்டது. பிரேசிலின் அன்றைய அதிபர் டில்மா ரூசெஃப், தம்மையும் அமெரிக்கா ஒட்டுக்கேட்டது தெரிந்ததும், 2013-ல் வாஷிங்டன் பயணத்தைத் தள்ளிவைத்து ஐ.நா.வில் முழங்கினார், மறு ஆண்டு அவருக்குத் தேர்தல். வென்றார், 2015-ல் வாஷிங்டனும் போய் வந்தார்.

நம் கதை இன்னும் ருசி. 2013-ல் காங்கிரஸ் ஆட்சியின் வெளியுறவு அமைச்சர் சல்மான் குர்ஷித், அமெரிக்கா செய்வது உளவே அல்ல, அழைப்புகளின் போக்கைக் கணினியில் அலசுவதுதான் என்று அமெரிக்காவுக்காக வாதாடினார். 2014 ஜூலையில், அமெரிக்கா வேவு பார்க்க அனுமதி வாங்கியிருந்த பட்டியலில் பா.ஜ.க.வின் பெயரும் இருந்தது தெரிந்தபோது அக்கட்சி ஆட்சிக்கு வந்திருந்தது. அமெரிக்கத் தூதரக அதிகாரியை அழைத்துக் கண்டித்தார்கள். செப்டம்பரில் பிரதமர் வாஷிங்டன் சென்றார்.

போனதைக் குறை சொல்லவில்லை. வியாபாரம் நடக்க வேண்டும். ஆனால் தூதரை அழைத்துக் கண்டித்த செய்தியை முதல் பக்கத்தில் போடும்போது, அதே மாதம் அந்த நாட்டோடு என்னென்ன ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின என்பதையும் பக்கத்திலேயே போடுங்கள். காலையில் வந்த போனோடு மாலையில் வந்த போனையும் நாங்கள் கேட்க வேண்டாமா?

ஓய்வுபெற்ற ட்ரங்க் ஆபரேட்டர்,
விருதுநகர்