'தாங்கும் அளவு' எது என்று யார் சொல்வது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இதயத் துடிப்புக் கோளாறுக்கான அப்லேஷன் சிகிச்சை பற்றி உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். தொடை இடுக்கில் உள்ள ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, நுரையீரலிலிருந்து வரும் சிரைகள் இதயத்தோடு சேரும் இடத்தில் வடு உண்டாக்கி, தாறுமாறான துடிப்பைத் தடுப்பதைத் தெளிவாக எழுதியிருந்தார்கள். ஆனால் நோயாளி வீட்டுக்குக் கிளம்புவதோடு கட்டுரை முடிந்துவிட்டது. சென்ற ஆண்டு அதே சிகிச்சை செய்துகொண்டவள் நான். என் பாடு வீட்டுக்கு வந்த பிறகுதான் தொடங்கியது.

டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைகளுக்கு ஒரு முழுப் பக்கம். உடற்பயிற்சிக்கு ஒரே வரி, அதுவும் ஆங்கிலத்தில். மகன் வாசித்துச் சொன்னான்: "தாங்கும் அளவுக்கு, படிப்படியாக." நான் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். தொடக்கப் பள்ளிப் பிள்ளை ஒன்றுக்கு 100 கிராம் அரிசி என்றால் 100 கிராம்தான். அளந்து போட்டுப் பதிவேட்டில் எழுதினால்தான் எங்களுக்குத் தூக்கம் வரும். தாங்கும் அளவு என்றால் எவ்வளவு? தெருமுனை வரையா, பேருந்து நிலையம் வரையா? தாங்கவில்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்?

சீட்டு சொல்லாததை வீட்டில் ஆளுக்கு ஆள் சொன்னார்கள். "நெஞ்சுல கை வச்சிருக்காங்க, நீங்க பேசாம படுங்க அத்தை" என்றாள் மருமகள். "வீட்டு வேலை பாக்குறதே எக்சர்சைஸ்தான்" என்றாள் என் தங்கை. இரண்டாவது சரியில்லை என்பது பின்னால் தெரிந்தது. வீட்டு வேலையில் நாலு எட்டு நடப்போம், நிற்போம், உட்காருவோம். மூச்சு கொஞ்ச நேரம் ஒரே சீராக ஏறி நிற்பதே இல்லை. இதற்கிடையில் ஒரு நாள் படபடப்பு திரும்ப வந்தது. மாப்பிள்ளை வாங்கித் தந்த கைக்கடிகாரத்தில் இதயத் துடிப்பு எண் ஏறி இறங்கியது. அவ்வளவுதான், என்னை வாசல்படி தாண்ட விடவில்லை. மறு பரிசோதனையில்தான் டாக்டர் சொன்னார்: வடு ஆறுகிற முதல் இரண்டு மூன்று மாதங்களில் இப்படி வரலாம், அதனாலேயே சிகிச்சை தோற்றுவிட்டது என்று ஆகாது, நடையை விட வேண்டாம் என்று. இதைக் கிளம்பும்போதே ஒரு காகிதத்தில் எழுதித் தந்திருந்தால் அத்தனை நாள் கட்டிலில் போயிருக்காது.

எனக்கு வழி பிறந்தது காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம். பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்குப் பக்கவாதம். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண் அவருக்குப் பயிற்சி தர வருவார். சுவரோரம் நின்று என் சீட்டைக் காட்டினேன். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு, அந்தப் பெண் அளவு சொன்னார். "நடக்கும்போது பேச வரணும்மா, பாட வரக் கூடாது. பாட்டு வந்தா வேகம் பத்தாது. பேச்சே திணறினா வேகம் அதிகம்." கடிகாரத்து எண்ணை வைத்து வேகத்தை முடிவு செய்யாதீர்கள் என்றும் சொன்னார், துடிப்பைக் குறைக்கும் மாத்திரை போடுபவருக்கு அந்த எண் சரியான வழிகாட்டி இல்லையாம். நெஞ்சுவலி, மயக்கம், சும்மா இருக்கும்போதே மூச்சிரைப்பு, வாய் கோணுதல், ஒரு பக்கம் கை கால் தளர்தல் என்றால் உடனே ஆஸ்பத்திரி.

பிறகு ஒரு நாற்காலி. கைப்பிடி இல்லாத, சுவரோடு ஒட்டிப் போட்ட மர நாற்காலி. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழ வேண்டும், மெதுவாக உட்கார வேண்டும். பொத்தென்று விழக் கூடாது. உட்காரும்போதும் தொடைக்கு வேலை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி இறக்குவது அடுத்தது. இதையெல்லாம் நான் செய்வது சீரியலில் விளம்பரம் போடும்போது. தனியாக நேரம் ஒதுக்குகிறேன் என்று சொன்ன வாரங்களில் ஒன்றும் நடக்கவில்லை. விளம்பரமோ தவறாமல் வருகிறது.

நடை அத்தனை சுலபமில்லை. விடிகாலையில் எங்கள் தெரு நாய்களுக்குச் சொந்தம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுகிற நான் நாய்க்குப் பயந்து ஓடி விழுந்தால் சின்ன அடியும் பெரிய காயமாகும். அதனால் மொட்டை மாடி. வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை தொடங்கினார்கள், நல்ல திட்டம். ஆனால் என் போன்றவர்களுக்கு எட்டு நிமிடம்தான் தொடக்கம்.

பி.பி.டி. என்கிற பிசியோதெரபி பட்டப்படிப்பு படிக்கும் பேத்தி சொன்ன விவரம் ஒன்று. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இந்தத் துடிப்புக் கோளாறு உள்ள 120 பேரிடம் ஆய்வு செய்திருக்கிறார்கள். ஆறு மாதம் உடற்பயிற்சித் திட்டத்தில் இருந்தவர்களில் ஓராண்டு முடிவில் கோளாறு திரும்பாமல் இருந்தவர்கள் 40 சதவீதம். மற்றவர்களில் 20 சதவீதம். வாரம் 210 நிமிடம் பயிற்சி என்று 2023இல் அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகளும் பரிந்துரைத்துவிட்டன. அடிலெய்டிலும் பயிற்சியில் ஒரு பகுதி வீட்டில்தான். ஆனால் அவரவர்க்குத் தனித் திட்டம் எழுதித் தந்து, நேரில் வரவழைத்தும் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். எங்களைச் சோம்பேறிகள் என்று திட்டுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வீட்டில் பயிற்சி விட்டுப்போவது பெரும்பாலும் பயத்தால். கேட்க ஆள் இல்லாததால்.

நான் கேட்பது இரண்டுதான். தமிழில் ஒரு தாள்: முதல் வாரம் எவ்வளவு, அடுத்து எவ்வளவு, எப்போது நிறுத்த வேண்டும், எந்த எண்ணில் கேட்க வேண்டும். அப்புறம், முதல் மூன்று மாதம் வாரம் ஒரு போன். ஆள் இல்லை என்று ஆஸ்பத்திரிகள் சொல்ல முடியாது. "எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீங்கம்மா?" என்று எனக்கு ஒரு பெண் போன் செய்தார். அதே பெண்ணே, "நடக்கிறீங்களாம்மா?" என்றும் கேட்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்,
கோவில்பட்டி.