ஸ்கோக்கிக்குக் குடிபோன சேகருக்கு

பெர்லின், ஞாயிறு காலை

அன்புள்ள சேகர்,

புது வீட்டுப் படங்களைப் பார்த்தோம். சமையலறை இவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. எனக்குச் சிகாகோவை ஒட்டிய அந்த ஊரின் பெயரில்தான் கண் நின்றது. ஸ்கோக்கி! பேச்சுரிமை யாருக்கு, எதுவரை என்று நாம் இருபது வருஷமாகப் போடுகிற சண்டைக்கு அந்த ஊரைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. தெரிந்துதான் வாங்கினாயா?

1977-ல் சிகாகோவிலிருந்து ஒரு சிறு நாஜிக் கும்பல், சீருடையும் ஸ்வஸ்திகாவுமாக உன் ஊருக்குள் ஊர்வலம் வரக் கிளம்பியது. வதைமுகாம்களில் தப்பிப் பிழைத்த யூதர்கள் ஆயிரக்கணக்கில் குடியிருந்த ஊர் அது. ஊர் நிர்வாகம் தடை வாங்கியது. கும்பலின் பேச்சுரிமைக்காகக் கோர்ட்டுக்குப் போனது யார் என்கிறாய்? ஏ.சி.எல்.யு. என்ற சிவில் உரிமைச் சங்கம். வாதாடிய வக்கீல் டேவிட் கோல்ட்பெர்கரே ஒரு யூதர்! கோபத்தில் ஆயிரக்கணக்கானோர் சங்கத்தை விட்டு விலகினார்கள். ஆனாலும் வழக்கில் ஜெயித்தார்கள். ஜெயித்த கும்பல் கடைசியில் உன் ஊருக்கு வரவே இல்லை. 1978-ல் சிகாகோவில் ஒரு பூங்காவில் கத்திவிட்டுக் கலைந்தது.

இங்கே அந்தக் கொடியைப் பிரித்தாலே மூன்று வருஷம் வரை ஜெயில். வந்த புதிதில் தங்கை கல்யாணப் பத்திரிகையை ஆபீஸில் நீட்டினேனே, நினைவிருக்கிறதா? மூலையில் மஞ்சள், பக்கத்தில் ஸ்வஸ்திக். வாங்கியவர் முகம் வெளுத்து, அதை மேஜையில் கவிழ்த்து வைத்தார். பிள்ளையாருக்கும் ஹிட்லருக்கும் உள்ள வித்தியாசத்தை என் அரைகுறை ஜெர்மனில் விளக்குவதற்குள் வேர்த்துவிட்டது.

அப்போது சிரித்தேன். இந்த வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வருவதில்லை. எங்கள் வாசல் நடைபாதையில் நாஜிகள் கொன்றவர்களின் நினைவாக உள்ளங்கை அகலத்துக்கு மூன்று பித்தளைக் கற்கள் பதித்திருக்கிறார்கள். 'இங்கே வாழ்ந்தார்' என்று தொடங்கி, பெயர், பிறந்த வருஷம், எங்கே கொண்டுபோய்க் கொன்றார்கள் என்பது வரை அதில் இருக்கும். 1938-ல் யூதர்களின் கடைகளையும் கோயில்களையும் நாஜிகள் நொறுக்கிய நாளான நவம்பர் 9-ம் தேதி, மேல்வீட்டுப் பாட்டி மண்டியிட்டு அவற்றைத் துலக்குவார். போன வருஷம் அவருக்கு முழங்கால் வலி, நான் துலக்கினேன். "பேச விடு, பதில் பேசிக்கொள்ளலாம்" என்று நீ சொல்லும்போதெல்லாம் அந்தக் கற்கள்தான் கண்முன் வரும். ஆனால், "1925-லேயே பவேரியாவில் ஹிட்லர் மேடையேறத் தடை போட்டார்களே, ஆள் நின்றானா?" என்று நீ ஒருமுறை கேட்டாய். அதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை.

2003 பிப்ரவரி 15 உனக்கும் மறந்திருக்காது. ஈராக் போரை எதிர்த்து இங்கே ஐந்து லட்சம் பேர் திரண்டார்கள், நானும் நின்றேன். ராத்திரியே போன் போட்டு, "உங்களைக் காப்பாற்ற மட்டும் எங்கள் படை வேண்டுமா?" என்று கத்தினாய். போரை எதிர்த்த பிரான்ஸ் மேல் இருந்த கோபத்தில் உங்கள் நாடாளுமன்றக் கேன்டீனில் ஃபிரெஞ்ச் ஃப்ரைஸை 'ஃப்ரீடம் ஃப்ரைஸ்' ஆக்கிய அன்றுதான் நீயே சிரித்துச் சமாதானமானாய். ஈராக் விஷயத்தில் நான் சொன்னது சரி. படை விஷயத்தில் நீ சொன்னது சரி. 2022-ல் உக்ரைன் மேல் ரஷ்யா பாய்ந்த பிறகுதான் ஜெர்மனிக்கு ராணுவத்துக்காக 10,000 கோடி யூரோ ஒதுக்கத் தோன்றியது.

2025-ல் மியூனிக்கில் உங்கள் துணை ஜனாதிபதி வான்ஸ், ஐரோப்பாவில் பேச்சுரிமை தேய்கிறது என்றபோது எனக்குச் சுருக்கென்றது. முழுப் பொய்யென்றால் அப்படித் தைத்திருக்காது. 2021-ல் ஹாம்பர்க் அமைச்சர் ஒருவரை ட்விட்டரில் ஒரு சில்லறைக் கெட்ட வார்த்தையால் திட்டியதற்காக, காலை ஆறு மணிக்கு வீடு புகுந்து சோதனை போட்டார்கள். அதற்கும் என் வாசல் கற்களுக்கும் என்ன சம்பந்தம்?

சரி, நீ போன மாதம் என்ன சொன்னாய்? "கிரீன் கார்டில் இருக்கிறேன், அரசியல் எதையும் வாட்ஸ்அப்பில் அனுப்பாதே." 1791-லிருந்து பேச்சுரிமையைச் சட்டத்தில் எழுதி வைத்திருக்கிற நாட்டில் உட்கார்ந்துகொண்டு! அதனால்தான் இந்தத் தபால்.

உன் ஊரில் ஹோலோகாஸ்ட் என்கிற யூதப் படுகொலைக்கான அருங்காட்சியகம் இருக்கிறது. ஊர்வல வழக்குக்குப் பிறகு, தப்பிப் பிழைத்தவர்களே 1981-ல் ஒரு கடையறையில் தொடங்கியது. 2009-ல் பெரிய கட்டடமானது. போய்ப் பார்த்துவிட்டு எழுது. நவம்பரில் வருவதாகச் சொன்னாயே, 9-ம் தேதிக்கு முன்னால் வந்துவிடு. இங்கே எதைப் போட்டுத் தேய்த்தாலும் பித்தளை பளபளக்க மாட்டேன் என்கிறது. உங்கள் பக்க இந்தியக் கடையில் பீதாம்பரி கிடைத்தால் இரண்டு பாக்கெட் வாங்கி வா.

உன்,
ரகு