38 பேர், 37 திசை

அன்புள்ள பாப்பாவுக்கு,

"கோவேரியன்ஸ் மேட்ரிக்ஸுக்கு இன்வர்ஸ் வரமாட்டேங்குது அம்மா, புரோகிராமில் ஏதோ தப்பு" என்று நேற்று ராத்திரி போனில் அலுத்துக்கொண்டாயே, தப்பு புரோகிராமில் இல்லை.

நீ எடுத்திருப்பது 1999-இல் வெளிவந்த ரத்தப் புற்றுநோய்த் தரவு. நோயாளிகள் 38 பேர், ஆளுக்கு 7,129 ஜீன் அளவுகள். கோவேரியன்ஸ் மேட்ரிக்ஸ் என்பது இரண்டிரண்டு ஜீன்கள் எப்படிச் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று காட்டும் அட்டவணை, அதில் 5 கோடிக்கு மேல் எண்கள். அத்தனையும் அந்த 38 பேரிடமிருந்து வந்தவைதானே? ரேங்க், அதாவது ஒன்றையொன்று சாராத வரிசைகளின் எண்ணிக்கை, 37-ஐத் தாண்டாது. இன்வர்ஸ் (எண்ணுக்குத் தலைகீழ் எண் மாதிரி மேட்ரிக்ஸுக்கு இருப்பது) வர வேண்டுமென்றால் ரேங்க் முழு 7,129 இருக்க வேண்டும்.

38 ஏன் இல்லை? ஒரு தாளில் போட்டுப் பார். இரண்டு பிள்ளைகள், மூன்று பாடங்கள். ஒருத்தி 40, 70, 55. இன்னொருத்தி 60, 80, 75. சராசரி 50, 75, 65. கழித்தால் ஒருத்திக்கு −10, −5, −10. மற்றவளுக்கு 10, 5, 10. குறியை மாற்றினால் அதுவே இது. இரண்டிரண்டு பாடங்களின் விலகல்களைப் பெருக்கி, இருவருக்கும் கூட்டி, ஆட்களில் ஒன்று குறைத்து 1-ஆல் வகுத்தால் மேட்ரிக்ஸின் வரிசைகள் 200, 100, 200; 100, 50, 100; மறுபடி 200, 100, 200. எல்லாம் ஒரே வரிசையின் மடங்கு, ரேங்க் 1. சராசரியைக் கழித்தால் விலகல்களின் கூட்டுத்தொகை பூஜ்யம். 37 பேருடையது தெரிந்தால் கடைசி ஆளுடையது தானாக வந்துவிடும்.

ஆட்களின் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து வகுக்கிறோமே, அதனால்தான் ரேங்க் குறைகிறது என்று நானே பல வருஷம் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன், "ஓர் எண்ணால் வகுத்தால் ரேங்க் எப்படி மேடம் மாறும்?" என்றான். அசடு வழிய நின்றேன்.

அந்தத் தரவில் உள்ள இரண்டு வகை ரத்தப் புற்றுநோயையும் பிரித்துப் பார்க்கப் போகிறாய் என்றால் இன்னும் ஒன்று போகும். ஒரு வகையில் 27 பேர், மற்றதில் 11 பேர். தனித்தனிச் சராசரி கழிப்பதால் 26-ம் 10-ம் சேர்ந்து 36தான்.

சரி, வழி? அலகு அணியின் (மூலைவிட்டத்தில் 1, மற்ற இடமெல்லாம் 0 உள்ள மேட்ரிக்ஸ்) ஒரு மடங்கைக் கொஞ்சம் கலந்துவிடு, இன்வர்ஸ் வந்துவிடும். எவ்வளவு கலப்பது என்பதைத் தரவை வைத்தே கணக்கிட லெடுவா, வுல்ஃப் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2004-இல் ஒரு முறை எழுதியிருக்கிறார்கள். ஆனால் கலந்தது நம் கைச்சரக்கு, நோயாளிகள் சொன்னது இல்லை. அதை அறிக்கையில் மறைக்காமல் எழுது.

கலப்பதற்கு முன்னால் ஐகன் மதிப்புகளை, அதாவது ஒவ்வொரு திசையிலும் தரவு எவ்வளவு பரவியிருக்கிறது என்று சொல்லும் எண்களை, பெரியதிலிருந்து சிறியதாக அச்சிட்டுப் பார். 7,092 பூஜ்யமாவது இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் சுத்தமான பூஜ்யம் காட்டாது. துளித்துளியாக, சிலது மைனஸில்கூட வரும். 37-ஆவது மதிப்புக்கும் 38-ஆவது மதிப்புக்கும் நடுவே எவ்வளவு பெரிய பள்ளம் விழுகிறது என்று பார்த்து எனக்கும் அனுப்பு.

அம்மா