பலகையில் பாட்டிமாருக்கும் நாலு வரி எழுதுங்கள்

எங்கள் வட்டார நகர மன்றத்தாருக்கு,

வணக்கம். எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் பக்கத்தில் இருக்கும் பிள்ளைகள் விளையாடுமிடத்தைப் புதுப்பிக்கப் போவதாக லிஃப்ட் அருகே அறிவிப்பு ஒட்டியிருந்தீர்கள். சந்தோஷம். என்ன நிறம், என்ன வடிவம் என்பதெல்லாம் உங்கள் இஷ்டம். நான் கேட்க வந்தது அங்கே நிற்கும் அறிவிப்புப் பலகையைப் பற்றி.

இந்தப் பக்கம் 2 முதல் 5 வயது, அந்தப் பக்கம் 5 முதல் 12, பிள்ளைகளைப் பெரியவர்கள் கவனித்துக்கொள்ள வேண்டும் என்கிறது பலகை. சரி, எதைக் கவனிப்பது? மாலை ஐந்து மணிக்கு வந்து பாருங்கள். அப்பா அம்மா இன்னும் அலுவலகத்திலோ எம்ஆர்டி ரயிலிலோ இருப்பார்கள். பிள்ளைகளோடு இருப்பது பாட்டி, தாத்தா, பணிப்பெண். யாரும் அசட்டையாக இல்லை, கண்கொத்திப் பாம்பாகத்தான் பார்க்கிறார்கள். ஆனால் அக்கறையில் செய்கிற சில காரியங்களே பிள்ளைக்கு வினையாகிவிடுகின்றன. அதை அவர்களிடம் யாரும் சொன்னதில்லை.

சறுக்குமரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை வயதுப் பிள்ளையைத் தனியாக விட மனசு வராது. பாட்டி மடியில் உட்கார வைத்து, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, தானும் சேர்ந்து சறுக்குவார். தாத்தாக்களும் செய்கிறோம். பாதி வழியில் பிள்ளையின் ரப்பர் செருப்பு சறுக்கின் ஓரத்தில் உரசிப் பிடித்துக்கொள்ளும். பிள்ளை தனியாக வந்திருந்தால் அங்கேயே நின்றிருக்கும், கொஞ்சம் அழுதிருக்கும். மடியில் இருக்கும்போது பெரியவரின் எடை நிற்காது. உடம்பு கீழே போக, சிக்கிய கால் மட்டும் மேலேயே தங்கித் திருகிக்கொள்ளும். முழங்காலுக்குக் கீழே எலும்பு விரிசல் விடுவது இப்படித்தான். அமெரிக்காவில் 2002 முதல் 2015 வரை 6 வயதுக்குக் கீழ்ப்பட்ட சுமார் மூன்றரை லட்சம் பிள்ளைகள் சறுக்குமரத்தில் காயப்பட்டதாகக் கணக்கிட்டார்கள். அதில் அதிகம் அடிபட்டது ஒரு வயது தாண்டி இரண்டு நிரம்பாத குழந்தைகள். மடியில் வைத்துச் சறுக்க வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். வெளியே வீக்கம்கூடத் தெரியாமல் போகலாம். பிள்ளை அந்தக் காலை ஊன்ற மறுத்தால், எண்ணெய் தடவிப் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் தூக்கிப் போக வேண்டும்.

அப்புறம் கழுத்தில் தொங்கும் சாமான்கள். பாலர் பள்ளியிலிருந்து நேராக வரும் பிள்ளை, தண்ணீர் போத்தலின் வாரைக் குறுக்கே மாட்டிக்கொண்டே ஏணியில் ஏறும். அந்த வார் ஒரு கம்பி முனையில் மாட்டினால் பிள்ளை அப்படியே தொங்கிவிடும். மிதிவண்டி ஹெல்மெட்டும் அப்படித்தான். பாதுகாப்புக்குத்தானே போட்டிருக்கிறது என்று விட்டுவிடுகிறோம். விளையாட்டுச் சாதனங்களின் இடைவெளிகளை வெறும் தலைக்குத்தான் அளந்து வைத்திருக்கிறார்கள். உடம்பு நுழைந்து ஹெல்மெட் நுழையாமல் நின்றால் மூச்சு முட்டும். சைக்கிளை விட்டு இறங்கியதும் ஹெல்மெட்டும் இறங்க வேண்டும்.

தானாக ஏற முடியாத உயரத்தில் பிள்ளையைத் தூக்கி வைக்கக் கூடாது என்பது இன்னொன்று. ஏறத் தெரியாத பிள்ளைக்கு இறங்கவும் தெரியாது.

வெயிலுக்கு வருகிறேன். நம் சிங்கப்பூர்க் கடிகாரத்தில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு இல்லை, ஒரு மணி வாக்கில். அதனால் மூன்று, நான்கு மணிக்குக்கூடச் சறுக்குமரமும் கருநிற ரப்பர் தரையும் கொதிக்கும். இரும்பு இல்லை, பிளாஸ்டிக்தானே என்று நம்பிக் குட்டைக் கால்சட்டையோடு உட்கார வைத்தால் மெல்லிய தோல் பொத்துவிடும். புறங்கையைச் சில விநாடி வைத்துப் பார்த்து, நமக்கே தாங்காவிட்டால் வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டியதுதான். ஆனால் இதில் பாதி உங்கள் வேலை. மார்ச், செப்டம்பர் மாதங்களில் வெயில் நேர் உச்சியிலிருந்து இறங்குகிறது. பக்கத்து புளோக்கின் நிழல் அப்போது உதவாது. சின்னப் பிள்ளைகளின் சறுக்குமரத்துக்கு மேலே ஒரு கூரை வேண்டும்.

தரையும் உங்கள் பொறுப்புதான். 1979-இல் தோ பாயோவுக்காக வடிவமைத்த டிராகன் உருவ விளையாட்டுச் சாதனம் மணலில் நின்றது. அந்தக் காலத்துப் பிள்ளைகள் மணலில் விழுந்தார்கள், தட்டிவிட்டு எழுந்தார்கள். பூனை அசிங்கம், உடைந்த கண்ணாடி என்று மணலுக்கும் தொல்லைகள் உண்டு. ரப்பர் வந்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ரப்பர் வெயிலிலும் மழையிலும் கிடந்து இறுகிவிடும், இணைப்புகள் மேலே தூக்கிக்கொள்ளும். பார்க்கப் பளிச்சென்றிருப்பது வேறு, விழும் தலையைத் தாங்குவது வேறு. சிங்கப்பூரில் இதற்கென்றே எஸ்எஸ் 495 என்ற தரநிலை இருக்கிறது. போட்ட அன்று சோதிப்பதோடு நிறுத்தாமல், ஆண்டுகள் போனபிறகும் தரையைச் சோதியுங்கள். அதற்காக ஏறுகிற வலையையும் உயரத்தையும் எடுத்துவிட்டு, இரண்டு ஸ்பிரிங் குதிரையை மட்டும் நட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். பிள்ளைகள் சலித்துப்போய்க் கார் நிறுத்துமிடத்தில் விளையாடப் போவார்கள்.

பலகையில் நான் கேட்பது இவ்வளவுதான்: மடியில் வைத்துச் சறுக்காதீர்கள், ஹெல்மெட்டையும் வாரையும் கழற்றுங்கள், தானாக ஏறாத இடத்தில் தூக்கி வைக்காதீர்கள், புறங்கையால் சூடு பாருங்கள். நான்கு மொழியிலும் பெரிய எழுத்தில், கூடவே படமும் வேண்டும். மியன்மாரிலிருந்து வந்த பணிப்பெண்ணுக்கு நம் நான்கு மொழியில் எதுவும் வாசிக்க வராமல் இருக்கலாம். சில பாட்டிமார் கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவார்கள். பலகையை வாசலில் நடாமல், சறுக்குமரத்தின் ஏணிக்குப் பக்கத்தில் நடுங்கள். வாசலில் நிற்கும் பலகையை யாரும் படிப்பதில்லை.

அச்சுக்குப் போகுமுன் மாதிரியை எங்கள் லிஃப்ட் அருகே ஒரு வாரம் ஒட்டி வையுங்கள். தமிழ் வரிகளைப் பார்த்துத் தர ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இங்கே இருக்கிறார்கள். காசு வேண்டாம், ஆளுக்கொரு தே தாரிக் வாங்கித் தந்தால் போதும்.

இப்படிக்கு,
நான்காம் மாடித் தாத்தா ஒருவர்