ப்ளேன் எங்க பறக்குதுன்னு காட்டுங்க, நான் எங்க நிக்கிறேன்னு எதுக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ட்ரோன் பறக்குறப்போ தன் நம்பரையும் இடத்தையும் அனுப்பிக்கிட்டே இருக்கணும்னு அமெரிக்கா கொண்டுவந்த ரிமோட் ஐடி ரூல் பத்தி போன வாரம் நீங்க போட்ட கட்டுரையைப் படிச்சேன். மடியில கனம் இல்லாதவனுக்கு வழியில என்ன பயம்னு முடிச்சிருந்தீங்க. நான் இங்க அமெரிக்காவுல பல வருஷமா ஆர்சி ப்ளேன், அதாவது ரிமோட்ல ஓட்டுற குட்டி விமானம், பறக்க விடுறவன், பால்சாங்கிற லேசான கட்டையை நானே வெட்டி ஒட்டி ராத்திரி ராத்திரியா உக்காந்து செய்யறவன். என் மடியில ஒரு கனமும் இல்ல, ஆனா வழியில பயம் இருக்கு.

கட்டுப்பாடே வேணாம்னு நான் சொல்லல. 2025 ஜனவரில லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் காடு எரிஞ்சப்போ, தீயணைக்கப் போன விமானத்துல ஒரு ட்ரோன் மோதி இறக்கையில ஓட்டை விழுந்து, அந்த விமானம் ரிப்பேருக்குப் போயிடுச்சு. ஊரே எரியறப்போ ஒரு தண்ணி விமானம் குறைஞ்சதுன்னா அது சின்ன விஷயமா? அதைப் பறக்க விட்டவருக்குத் தண்டனை கொடுக்கறது நியாயம்தான்.

ஆனா இந்த ரூல் என்ன செய்யுதுன்னு பாருங்க. ட்ரோனோ ஆர்சி ப்ளேனோ, பொழுதுபோக்குக்குப் பறக்க விடுறதா இருந்தாலும் 250 கிராமுக்கு மேல இருந்தா அதோட நம்பர், இடம், உயரம், வேகம் எல்லாம் ப்ளூடூத்லயோ வைஃபைலயோ செகண்டுக்கு ஒரு தடவை போய்க்கிட்டே இருக்கணும், கூடவே ஓட்டுறவர் இருக்கிற இடமும் போகும். ரெடிமேட் ட்ரோன்ல ரிமோட் எங்க இருக்கோ அது போகும், என்னை மாதிரி இதை அனுப்பற சின்னக் கருவியை, மாட்யூலை, தனியா வாங்கி மாட்டுறவங்களுக்கு டேக் ஆஃப் ஆன இடம் போகும், நாங்க அதே இடத்துலதான் நின்னு ஓட்டுறோம் அதனால ரெண்டும் ஒண்ணுதான். என் பேரு, அட்ரஸ் போகாது, அது அரசாங்கத்துக்கும் போலீசுக்கும் மட்டும்தான் தெரியும், சரி. ஆனா நான் நிக்கிற இடம் ஃபோன்ல ஒரு ஆப் வச்சிருக்கிற யாருக்கும் தெரியும்.

போன வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை காலைல நானும் என் பொண்ணும் காலி மைதானத்துல இருந்தோம், ஆள் அரவம் இல்ல. மாட்யூல்ல ஜிபிஎஸ் கிடைச்சு லைட் பச்சையாகிற வரைக்கும் அவதான் பக்கத்துல குந்திக்கிட்டு பார்த்துக்கிட்டிருப்பா. ப்ளேன் மேல போய் பத்து நிமிஷம் இருக்கும், யாரோ ஒருத்தர் ஃபோனைக் கையில நீட்டிப் பிடிச்சுக்கிட்டு நேரா எங்களை நோக்கி வந்து, என் வீட்டையா படம் எடுக்கறன்னு கத்த ஆரம்பிச்சுட்டார். அதுல கேமராவே கிடையாதுங்க! ப்ளேன் இன்னும் வானத்துல இருக்கு, கண்ணை எடுத்தா விழுந்துடும், ஒரு கை ஸ்டிக்ல, ஒரு கையால பொண்ணைப் பின்னாடி தள்ளிக்கிட்டு பதில் சொன்னேன். இப்பல்லாம் அவ வந்தா மாட்யூலைப் பாக்கறதில்ல, திரும்பித் திரும்பி ரோட்டைத்தான் பாக்கறா.

வண்டிக்கு நம்பர் ப்ளேட் இல்லையான்னு கேப்பாங்க. நம்பர் ப்ளேட் வண்டியில இருக்கு, அதே மாதிரி ப்ளேனோட நம்பரும் இடமும் எல்லாருக்கும் தெரியட்டும், எனக்கு ஆட்சேபணையே இல்ல. இந்த ரூலை எதிர்த்து ஒரு வழக்கும் போனது, 2022-ல கோர்ட் ரூல் செல்லும்னு சொல்லிடுச்சு. செல்லுங்கிறது வேற, இதைவிட நல்லா செய்ய முடியாதாங்கிறது வேற. ஓட்டுறவர் இருக்கிற இடத்தை மட்டும் மத்தவங்க படிக்க முடியாதபடி பூட்டி அனுப்பி, சாவியைப் போலீஸ், விமானத் துறை கையில கொடுத்துட்டா தப்பு பண்றவனையும் பிடிக்கலாம், எங்களுக்கும் நிம்மதி.

அங்கீகாரம் வாங்கின கிளப் மைதானத்துல மாட்யூல் இல்லாமயே பறக்க விடலாமேன்னும் சொல்றாங்க, அந்த அங்கீகாரத்தை கிளப்போ காலேஜோதான் கேட்டு வாங்க முடியும், தனி ஆள் என்ன பண்ணுவான்.

2019 கடைசில வந்த முதல் வரைவுல எல்லாத்தையும் இன்டர்நெட் வழியாவும் அனுப்பணும்னு இருந்துச்சு. 50,000-க்கும் மேல கருத்து எழுதிப் போட்டாங்க, 2021-ல வந்த இறுதி ரூல்ல அதை எடுத்துட்டாங்க. அப்போ எழுதினா மாறும், அதனாலதான் உங்களுக்கும் எழுதறேன். அடுத்த தடவை இதைப் பத்திப் போடும்போது ஃபோன்ல ஓட்டுறவரோட இடமும் தெரியும்ங்கிற அந்த ஒரு விவரத்தையாவது சேத்துப் போடுங்க.

இப்படிக்கு,
ஒரு ஆர்சி ப்ளேன் வாசகர்