தூக்கத்துக்கு என்று நீ எடுக்கும் அந்த மிட்டாய்

சேலம்,
டிசம்பர்

கண்ணு,

போனில் நீ சொன்னதற்கு அன்றைக்கு நான் பதில் ஒன்றும் சொல்லவில்லை. கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமெல்லாம் அம்மாவுக்குத்தான். என்னிடம்கூட அதைப் பற்றிப் பேச மாட்டேன் என்கிறாள், கோட்டை மாரியம்மனுக்கு ஏதோ வேண்டுதல் வைத்திருக்கிறாள் என்று மட்டும் தெரிகிறது. எனக்கு மருந்துக்கடைக்காரன் புத்தி. யாராவது ஒரு மருந்தின் பெயரைச் சொன்னால் எத்தனை மில்லிகிராம், எவ்வளவு நாளாக, எதற்காக என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். நீ சொன்ன கணக்கு இது: படுக்கும் முன் ஒரு பாக்கெட் கஞ்சா கம்மி மிட்டாய், அதில் போதை ஏற்றும் பொருளான டி.எச்.சி. 10 மில்லிகிராம், செமஸ்டர் தொடங்கியதிலிருந்து பெரும்பாலான ராத்திரிகள், தூக்கம் வருவதற்காக. அப்புறம் பேச்சோடு பேச்சாக, "படிச்சது எதுவுமே நிக்க மாட்டேங்குதுப்பா" என்றும் சொன்னாய். நீ இரண்டையும் தனித்தனியாகச் சொன்னாய். எனக்கு அது ஒரே விஷயமாகத்தான் காதில் விழுந்தது.

கனடாவில் 2018 அக்டோபரிலிருந்து கஞ்சா சட்டப்படி செல்லும், ஒன்டாரியோவில் 19 வயது ஆனவர்கள் கடையிலேயே வாங்கலாம், எனக்கும் தெரியும். நம் கடையில் இருப்பதும் எல்லாமே சட்டப்படி விற்கிற சரக்குதான். அதற்காக டாக்டர் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிடுகிறேனா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1964ல் இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலமும் யெஹியேல் கவோனியும் கஞ்சாவிலிருந்து டி.எச்.சி.யைத் தனியாகப் பிரித்து, அதன் அமைப்பையும் கண்டுபிடித்தார்கள். அது மூளையில் எங்கே போய் ஒட்டுகிறது என்பது தெரிய 1988 ஆகிவிட்டது. அந்த ஒட்டும் இடத்துக்கு, அதாவது ரிசெப்டாருக்கு, சி.பி.1 என்று பெயர். எங்கேயோ முளைக்கிற செடிக்காக நம் மூளை ஏன் இடம் போட்டு வைத்திருக்க வேண்டும்? 1992ல் விடை கிடைத்தது. மூளை தனக்கென்றே இதே வேலையைச் செய்யும் ஒரு பொருளைத் தயாரிக்கிறது, அதன் பெயர் ஆனந்தமைடு. 1995ல் 2-ஏ.ஜி. என்று இன்னொன்றும் அகப்பட்டது.

இவை வேலை செய்யும் விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. மூளையில் செய்தி ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குப் போகும், அதுதான் வழக்கம். இந்தப் பொருள்கள் எதிர்த்திசையில், வாங்குகிற செல்லிலிருந்து கொடுக்கிற செல்லுக்குப் போகின்றன என்று 2001ல் நிரூபித்தார்கள். பந்தியில் சாம்பார் வாளியோடு வருகிறவரைப் பார்த்து இலைமேல் கையை நீட்டிப் 'போதும்' என்போமே, அதே வேலைதான். எந்த இலைக்குப் போதுமோ அந்த இலைக்கு மட்டும், அந்த ஒரு நொடிக்கு மட்டும். வேலை முடிந்ததும் அது உடைந்து காணாமல் போய்விடும். டி.எச்.சி. அப்படிச் சீக்கிரம் உடையாது. பந்தியில் உட்கார்ந்திருக்கிற எல்லார் இலைமேலும் மணிக்கணக்காகக் கையை நீட்டிக்கொண்டே நிற்கும், பசியோடு இருப்பவன் இலை உட்பட.

இப்போது ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதி. இரண்டு பக்கமும் நெற்றிப்பொட்டுக்கு உள்ளே ஆழத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் ஹென்றி மொலேசன் என்பவருக்கு 1953ல் வலிப்புக்காக இந்தப் பகுதியை இரண்டு பக்கமும் எடுத்துவிட்டார்கள். சின்ன வயசுக் கதைகள் அவருக்கு ஞாபகம் இருந்தன. ஆனால் அன்றைக்குக் காலையில் பார்த்த டாக்டரை மத்தியானம் யாரோ புது ஆள் என்று நினைப்பார். புதிதாக ஒன்றைப் பதிந்துகொள்ள இந்த இடம் எவ்வளவு முக்கியம் என்பது அவரால்தான் உலகத்துக்குத் தெரிந்தது. சி.பி.1 ரிசெப்டார்கள் அடர்த்தியாக இருக்கும் இடங்களில் இதுவும் ஒன்று. இரண்டு செல்கள் சேர்ந்து வேலை செய்யச் செய்ய அவற்றின் இணைப்பு பலப்படும். கற்றலுக்கு அதுதான் அடிப்படை என்று 1973க்குப் பிறகு வந்த ஆராய்ச்சிகள் சொல்கின்றன. டி.எச்.சி. இருக்கும்போது அந்தப் பலப்படுதல் மந்தமாகிறது. 2016ல் பிரான்சில், செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் சி.பி.1க்கும் மறதியில் பங்கு இருப்பதை எலிகளில் காட்டினார்கள். அதற்குள் நான் போகவில்லை, எனக்கே பாதிதான் புரிந்தது.

நம் கடையில் ஒரு பையன் இருந்தானே, ஏற்காடு அடிவாரத்திலிருந்து பஸ்ஸில் வருவான், உனக்கு ப்ளஸ் டூ கணக்கு நோட்டுக்கெல்லாம் அட்டை போட்டுக் கொடுத்தவன். கண்ணை மூடிக்கொண்டு மெட்ஃபார்மின் எடுப்பான், தைராய்டு மாத்திரை எந்த டப்பாவில் எத்தனையாவது என்று சொல்லுவான். அவன் சகவாசம் மாறிய பிறகு ஒன்றைக் கவனித்தேன். பழைய சரக்கில் ஒரு பிசகும் இல்லை. புதுக் கம்பெனி மாத்திரை காலையில் வந்திறங்கும், அவன் கையாலேயே அடுக்குவான், சாயங்காலம் யாராவது அதையே கேட்டால் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு முதல் அடுக்கிலிருந்து கடைசி அடுக்கு வரை கண்ணாலேயே ஒரு நடை நடந்துவிட்டு மறுபடி சீட்டைப் பார்ப்பான். சட்டையில் வாடை அடிக்கும். நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அப்புறம் சங்ககிரியில் ஒரு லாரி ஆபீசுக்கு வேலைக்குப் போய்விட்டான். ஒரு பையனை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, புள்ளியியல் படிக்கிற உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் கஷ்டம் இருந்திருக்கலாம், தூக்கம் கெட்டிருக்கலாம். ஆனால் பரிசோதனைகளில் வருவதும் ஏறக்குறைய இதேதான். டி.எச்.சி. கொடுத்துவிட்டு அதன் பிறகு ஒரு வார்த்தைப் பட்டியலை வாசித்துக் காட்டினால் நினைவில் நிற்பது குறைகிறது. பட்டியலை முன்னாலேயே படிக்க வைத்து, அப்புறம் மருந்து கொடுத்துக் கேட்டால் அவ்வளவாகப் பாதிப்பு இல்லை. அதாவது, உள்ளே போனது பத்திரமாக இருக்கிறது, புதிதாக உள்ளே போவதில்தான் சிக்கல். டொரண்டோவுக்கு நீ போனதே அதற்குத்தான்.

"நான் ராத்திரிதானே எடுக்கிறேன், கிளாஸ் காலையில்தானே" என்பாய். புகையாக இழுத்தால் சில நிமிஷத்தில் ஏறிச் சில மணி நேரத்தில் இறங்கும். சாப்பிட்டால் ஏறுவதற்கே அரை மணியிலிருந்து இரண்டு மணி ஆகும், முழு வேகம் பிடிக்க நாலு மணி நேரம்கூட ஆகலாம், மொத்தம் பன்னிரண்டு மணி வரை நீளும். கல்லீரல் அதை இன்னும் வீரியமான ஒரு பொருளாக மாற்றித்தான் ரத்தத்தில் விடுகிறது. பதினொரு மணிக்கு வாயில் போட்டால், ஒன்பது மணி கிளாசிலும் மிச்சம் இருக்கலாம். கொழுப்பில் கரையும் பொருள் என்பதால் தினமும் எடுப்பவர்கள் உடம்பை விட்டு முழுசாகப் போகவே வாரங்கள் ஆகும்.

நீ அனுப்பிய அந்த எலி ஆராய்ச்சியையும் படித்தேன். 2017ல் ஜெர்மனியில், பான் நகரத்தில் செய்தது. கொஞ்சம் கொஞ்சமாக டி.எச்.சி. கொடுத்ததில் வயதான எலிகளின் ஞாபகசக்தி திரும்பியது, உண்மைதான். அதே கட்டுரையில் இளவயசு எலிகளுக்கு அது குறைந்ததும் இருக்கிறது, அந்த வரியை நீ தாண்டிவிட்டாய். அந்த ஆராய்ச்சியைக் காட்டி மிட்டாய் வாங்க யாருக்காவது நியாயம் இருந்தால் அது எனக்குத்தான்.

உன்னைப் பயமுறுத்தவும் எனக்கு இஷ்டமில்லை. நியூசிலாந்தில் டுனெடின் ஊரில் ஆயிரத்துச் சொச்சம் குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து பின்தொடர்ந்து பார்த்தார்கள். பதின்வயதில் தொடங்கி வருஷக்கணக்காக விடாமல் கஞ்சா பிடித்தவர்களுக்கு 38 வயதுக்குள் ஐ.க்யூ. 8 புள்ளி வரை குறைந்தது என்று 2012ல் எழுதினார்கள். வாட்ஸப்பில் சுற்றுவது அதுதான். 2016ல் இரட்டையர்களை வைத்துப் பார்த்தபோது, பிடித்தவருக்கும் பிடிக்காத கூடப்பிறந்தவருக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வீடும் வளர்ப்பும் காரணமாக இருக்கலாம் என்றார்கள். அதனால் ஐ.க்யூ. கணக்கை உன்னிடம் நான் தூக்கிக்கொண்டு வரமாட்டேன். அளவு மீறினால் மூச்சு நின்றுவிடுமோ என்ற பயமும் அபின் வகை மருந்துகளுக்குச் சொல்வது. மூச்சை ஆளும் மூளைத்தண்டில் சி.பி.1 குறைவு.

இந்த ரிசெப்டாரை அடைத்தால் ஞாபகசக்தி கூடுமே என்று கேட்பாய், உன்னைத் தெரியாதா. ரிமோனபன்ட் என்று ஒரு மாத்திரை வந்தது. சி.பி.1ஐ அடைத்துப் பசியைக் குறைக்கும், உடம்பு இளைக்கும் என்று 2006ல் ஐரோப்பாவில் விற்றார்கள். மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் வருகிறது என்று 2008ல் அங்கே நிறுத்தினார்கள், பிறகு இந்தியாவிலும் தடை வந்தது. மறப்பதும் அந்த அமைப்பின் வேலைதான். சி.பி.1 இல்லாத எலிகள் ஒரு சத்தத்தோடு அதிர்ச்சி வாங்கிவிட்டால், அப்புறம் வெறும் சத்தத்தை எத்தனை தடவை கேட்டாலும் பயம் சீக்கிரம் தணிவதில்லை என்று 2002ல் கண்டார்கள். சின்ன வயசில் ஏற்காடு கொண்டை ஊசி வளைவு ஒன்றில் எதிரே வந்த லாரியைப் பார்த்து அலறினாயே, அதற்கப்புறம் கொஞ்ச காலம் ஹாரன் சத்தம் கேட்டாலே என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொள்வாய். அது தானாக அடங்கியது. அப்படி அடங்குவதற்கும் இந்த அமைப்பு வேண்டும். கூட்டினாலும் கெடுதல், அடைத்தாலும் கெடுதல்.

நல்ல செய்தி ஒன்று உண்டு. தினமும் பிடிப்பவர்கள் மூளையில் சி.பி.1 குறைந்துபோகிறது. ஏறக்குறைய நாலு வாரம் நிறுத்தியபோது பெரும்பாலான பகுதிகளில் அது திரும்பியதை ஸ்கேனில் பார்த்திருக்கிறார்கள். பாஸ்டனில் 16 முதல் 25 வயது வரை உள்ளவர்களை ஒரு மாதம் நிறுத்தச் சொல்லிப் பார்த்தார்கள். ஞாபகசக்தி முன்னேறியது, அதில் பெரும்பங்கு முதல் வாரத்திலேயே. கவனம் மட்டும் அவ்வளவாக மாறவில்லை. உன் வயசுப் பிள்ளைகள் அவர்கள்.

தூக்கம்தான் இடறும். டி.எச்.சி. சீக்கிரம் தூங்க வைக்கும், ஆனால் கனவு வரும் தூக்கத்தைக் குறைக்கும். நிறுத்தினால் அந்தக் கனவெல்லாம் மொத்தமாக வரும். முதல் வாரம் தூக்கம் கெடும், எரிச்சல் வரும், இரண்டு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். இந்த முதல் வாரத்தைப் பார்த்துத்தான் "எனக்கு இது இல்லாமல் தூக்கமே வராது" என்று எல்லாரும் முடிவு கட்டுகிறார்கள். அதனால் பரீட்சைக்கு முந்தின நாள் நிறுத்தாதே. கடைசிப் பரீட்சை முடிந்த அன்றைக்கு நிறுத்து. விடுமுறையில் தூக்கம் கெட்டால் யாருக்கு நஷ்டம்? அதுவரை பாக்கெட்டில் பாதியாகக் குறைத்துக்கொள். காபி மத்தியானத்தோடு சரி. அத்தையின் காபிக்கொட்டையாக இருந்தாலும்தான். ஜிம்மில் ஓடு, ஓடினால் உடம்பே ஆனந்தமைடைக் கூட்டிக்கொள்ளும், அதற்கு ஆராய்ச்சியும் இருக்கிறது. ஏற்காட்டில் அத்தையோடு தோட்டம் முழுக்க நடந்துவிட்டு வந்த அன்றெல்லாம் எட்டரைக்கே தூங்கிவிடுவாய். மாதம் கழித்தும் தூக்கம் வரவில்லை என்றால் யூனிவர்சிட்டி டாக்டரிடம் போ, மிட்டாய் எடுத்ததை மறைக்காமல் சொல்லு. வேறு மாத்திரை எழுதுகிறவருக்கு அது தெரிந்தாக வேண்டும்.

பொங்கலுக்கு வரும்போது பெட்டி, கைப்பை, ஜாக்கெட் பாக்கெட் எல்லாவற்றையும் உதறிப் பார்த்துவிட்டுக் கிளம்பு. கனடாவிலிருந்து வெளியே கொண்டுபோவதே அங்கே குற்றம், இங்கே 1985ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டம் இருக்கிறது. தோழி கொடுத்தனுப்பினாள் என்று யாருடைய மிட்டாய் டப்பாவையும் தூக்கிக்கொண்டு வராதே.

அத்தை வீட்டில் காபிப் பழம் பறிப்பு நடக்கிறது, ஆள் கிடைக்கவில்லை என்று புலம்புகிறாள். நீ வந்தால் ஏற்காட்டில் நாலு நாள் இருந்துவிட்டு வரலாம். அம்மா தட்டுவடை செட்டுக்குத் தட்டுவடை போட ஆரம்பித்துவிட்டாள், அதனால் கோபம் பாதி தணிந்துவிட்டது என்று வைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, ஆனால் இந்தப் பேச்சை அவளிடம் நீயாக எடுக்காதே. நான் சொல்லிக்கொள்கிறேன்.

அப்பா